எனக்கு இதுல ஆதாயம் கீது

அவரை முதன்முதலில் பார்த்த அன்று, பாவம், மனுஷருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்தார். "எனக்கு இதுல ஆதாயம் கீது" என்றார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சு அதுபாட்டுக்கு நடந்தது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டுடோரியல் காலேஜ். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மாடியில் கூடுவோம். கூடுவோம் என்றால், தமிழில் கம்ப்யூட்டர் மென்பொருளைச் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுக்க வேண்டும் என்று கிறுக்குப் பிடித்த ஒன்பது பேர். சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. பெஞ்சும் ஃபேனும் டுடோரியல்காரர் உபயம், அவரும் எங்களில் ஒருத்தர். தலைவர் ஒரு புரபசர், பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் பாடம் நடத்தினார். ரயில்வே கிளார்க் ஆரோக்கியம் வாய்க்கு வந்ததைப் பேசுவார், வேலையும் அதே வேகத்தில் செய்வார். நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, நாங்கள் குவார்ட்டர்ஸ்வாசிகள், பூர்வீகம் திருநெல்வேலி. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து, வாய்க்கு மட்டும் நாற்பது. எழுத்து அழகாக இருக்கிறது என்று சேர்ந்த அன்றே என்னைச் செயலாளர் ஆக்கி, கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அன்றைக்குப் பேச்சு, மென்பொருளைப் பதிந்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிற சிடிகளுக்கு உறை எங்கே அச்சடிப்பது என்பது. எழுந்து போனவர் கோர்ட்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்தார். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுக்கிற கடை. ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே கடை அதுதான். இரண்டே நிமிஷத்தில் அங்கேயே அடிப்பது என்று முடிவாயிற்று. ஆரோக்கியம் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"வா அண்ணாத்த, முடிஞ்சுது. உன் கடையிலதான்."

வந்தவர் உட்காரவில்லை. "எத்தினி பேரு எதுத்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அதெப்படி? வேற கடையில வெல கேட்டீங்களா?"

"கேக்கலியே."

"கேக்காம என் கடைன்னா இன்னா அர்த்தம்? மொகத்துக்காவ குடுக்கிறீங்க. ஆவாது. போயி ரெண்டு கடையில கேட்டுகினு வாங்க." சொல்லிவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

மனுஷன் விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். விளையாட்டே இல்லை. அடுத்த வாரம் நான்தான் வெயிலில் இரண்டு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வந்தேன். மதுராந்தகத்துக் கடை ஒன்று கொஞ்சம் மலிவாகச் சொன்னது, வேலை அங்கே போயிற்று. அவருக்குச் சந்தோஷமோ சந்தோஷம். எனக்கோ எரிச்சலாக வந்தது. வருகிற லட்சுமியைக் காலால் எட்டி உதைக்கிற ஆளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து போவார்களே, அதை வைத்து 'வெளிநடப்பு' என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். எதற்கெல்லாம் வெளிநடப்புச் செய்தார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். டீ வாங்கி வருகிற கடையை மாற்றலாமா என்று ஒருநாள் பேச்சு வந்தது. எழுந்துவிட்டார். கீழே இருந்த டீக்கடை அவர் மச்சானுடையது.

"யோவ் அண்ணாத்த, டீக்குக் கூடவா?" என்று ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டார். "ஒம்போது டீயில இன்னா கோட்டையா கட்டிடப் போறான் உன் மச்சான்?"

"ஒம்போது டீயில சொல்லப் பழவினாத்தான் ஒம்போது லட்சத்துல நாக்கு எழும்பும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையை மாற்றினோம். புது டீ வாயில் வைக்க முடியவில்லை.

அவர் வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் சம்சாரம் சொல்லித் தெரிந்தது. கடையில் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து அந்த அம்மாவும் டைப் அடிப்பார். "எங்க பொண்ண எந்தக் காலேஜுல சேக்கலாம்னு வூட்ல பேசிகினு இருந்தோம்மா. ஒரு காலேஜு பேரு வந்துச்சு, அதுல இவரு அண்ணன் புள்ள கிளார்க்கா கீறான். ஒடனே எழுந்து வாசலுக்குப் போயிட்டாரு. நீயே முடிவு பண்ணிக்கோன்றாரு. பெத்த அப்பன்மா!" சிரித்துக்கொண்டே சொன்னவர், புருஷர் டீ சொல்லப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "நல்ல மனுசன்தான். ஆனா எப்பப் பாரு வெளிய நிக்கற மனுசன வெச்சுகினு இன்னாம்மா பண்றது?"

நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று ஒருதரம் கடையில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவருக்குக் கருங்குழிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஒரு வருஷம் அறுப்புக் கூலி வராமல் அப்பா பஞ்சாயத்தைக் கூட்டினாராம். "அஞ்சு பேரு உக்காந்தாங்க. மூணு பேரு நெலத்துக்காரனோட பங்காளிங்க. அவனுங்களே பேசி, அவனுங்களே கைய தட்டி, கூலி பாக்கி இல்லன்னு முடிச்சுட்டானுங்க. எங்க நைனா ஒண்ணும் பேசல. கும்பிட்டுட்டு வந்துட்டாரு" என்றார். கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து நின்றார், இவர் மனு அடிக்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் குழுவுக்கு ஒரு பக்க அளவில் விதிமுறை எழுதினவரும் அவர்தான். அதில் ஒரு விதி இது: ஒரு முடிவால் பணமோ வேலையோ வேறு ஆதாயமோ வரக்கூடியவர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும், வெளியே போய்விட வேண்டும், அதைப் பற்றிப் பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. கூட்டக் குறிப்பில் 'ஆதாயம் தெரிவித்தவர்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது ஆரோக்கியம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி அண்ணாத்த, ஆதாயத்த வெச்சுகினே ஒருத்தன் சொல்லாம உக்காந்துகினு இருந்தான்னா?"

"சொல்லாம எப்படி உக்காருவான்? உள்ள குத்தாதா?"

"குத்தலன்னா?"

"அதுக்காவ அடுத்தவன் மடியில கைய வுட்டுப் பாக்கச் சொல்றியா? சீச்சீ. அது போலீஸ்காரன் வேல. நாம அப்பிடிப்பட்ட ஆளுங்களா?"

ஒருவரை இன்னொருவர் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று ஆரோக்கியம் இழுத்தார். இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கேட்டால் அவமானம், தானாகச் சொன்னால்தான் மரியாதை என்றார். நாங்கள் எல்லோரும் கை தூக்கி அதை அப்படியே நிறைவேற்றினோம். ஒன்பது பேரும் எங்களை நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

சரி, அவர் அப்படி என்ன வேலை செய்தார் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் டைப்பிங் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குக் கடை ஒரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் 'அம்மா' என்ற இடத்தில் டாலரும் கொக்கியும் நட்சத்திரமும் நிற்கும். பிறகு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக யூனிகோடு என்கிற ஒருங்குறி வந்தது. நல்லதுதான். ஆனால் அதுவரைக்கும் அடித்துவைத்ததெல்லாம் என்ன ஆவது? எங்கள் மென்பொருளின் வேலை, பழைய எழுத்துருவில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றுவது. அதை எழுதினது நாங்கள் நாலைந்து பேர். ஆனால் எந்த எழுத்துருவில் எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். அது இல்லாவிட்டால் மென்பொருள் வெறும் சட்டி. அந்தப் பட்டியல்கள் முழுக்க அவர் போட்டவை.

பிரபலமான எழுத்துருக்களுக்குச் சென்னையில் யாராவது செய்துவிடுவார்கள். இவர் செய்தது செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கம் சின்னச் சின்னக் கடைகளில் மட்டும் புழங்கிய எழுத்துருக்களுக்கு. கோர்ட் சாயங்காலம் அடங்கினதும், கடைக்குக் கடை போய்ப் பழைய ஃப்ளாப்பிகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் எழுதிச் சரிபார்ப்பார். அந்தக் கடைகளில் பாதி மூடிவிட்டது. ஒரு கடைக்காரர் செத்தே போய்விட்டார், அவர் மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். அந்த எழுத்துருக்களில் என்னென்ன இருந்தன தெரியுமா? சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, மீனவர் சங்கத்து உறுப்பினர் பட்டியல், நிலமில்லாதவர்கள் பட்டா கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல். காகிதம் கரையான் தின்றது போக மிச்சம் ஃப்ளாப்பியில்தான் இருந்தது. ஆறு வருஷம் செய்தார். ஆறு வருஷத்தையும் குழுவின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடச் சிடிகளில் போனது பெரிய எழுத்துருக்களின் பட்டியல்கள் மட்டும்; இந்தச் சின்ன எழுத்துருக்களின் பட்டியல்கள் அவர் கடையிலும் எங்கள் இணையதளத்திலும்தான் இருந்தன.

"உங்க பேர்ல வெச்சுக்குங்கண்ணா" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம்மா. எம் பேருல கீதுன்னா நாளிக்கே ஆச வரும். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கம்பெனி வந்தது. சென்னைக் கம்பெனி. எங்கள் மென்பொருளின் பெயர், இணையதளம், பட்டியல்கள் எல்லாவற்றையும் தங்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் ஆள் போட்டு, மெருகேற்றி, விற்பார்கள். பட்டியலின் நகல் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. புரபசர் இதைப் பெரிய அங்கீகாரம் என்றார். இதைப் பற்றி விளக்குவதற்காக எங்கள் ஒன்பது பேரையும் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலுக்கு அழைத்தார்கள். போகவர வண்டி, சாப்பாடு, எல்லாம் அவர்கள் செலவு.

வெளிநடப்பு மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் டிபன் கேரியர். மத்தியானம் நாங்கள் ஏசி ஹாலில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க, இவர் வெளியே சவுக்குமர நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆரோக்கியமும் நானும் அவரைத் தேடிக்கொண்டு போனோம்.

"அண்ணாத்த, எறா வறுவல் போட்டுகீறான். எடுத்துகினு வரட்டா?"

"வேணாம்பா. எறாவத் துன்னுட்டு நாளிக்கி அவனுக்கு எதிரா எப்படி கை தூக்கறது? தூக்கற நேரத்துல எறா ஞாபகம் வரும்."

"எனக்கெல்லாம் வராது. நான் ரெண்டு தட்டு துன்னேன், எதிராத்தான் தூக்குவேன்" என்றார் ஆரோக்கியம். சொன்னபடி செய்தார். அதைப் பிறகு சொல்கிறேன். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனி ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கள மாதிரி ஆளுதான் மேடம் எங்களுக்கு வேணும்" என்றார். அதுவரை என்னை யாரும் மேடம் என்று சொன்னதில்லை. இந்த ஏற்பாடு முடிந்ததும் சென்னை ஆபீஸில் வேலை, சம்பளம் இவ்வளவு என்று சொன்னார். பிரவுசிங் சென்டரில் எனக்குக் கிடைத்தது பஸ்ஸுக்கும் பவுடருக்கும் சரியாக இருந்தது. அப்பாவுக்கு ரிடையர்மென்ட் ஆறு மாதத்தில். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், எங்களுக்கென்று ஓர் அடி நிலம் எங்கேயும் கிடையாது. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்போதைக்கு நமக்குள்ள இருக்கட்டும் மேடம்" என்றார் அவர். இருக்கட்டும் என்று நானும் தலையை ஆட்டினேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மென்பொருளும் நன்றாக வளரும், எனக்கும் வேலை கிடைக்கும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு டுடோரியல் மாடியில் கூட்டம். ஒன்பது பேரும் வந்திருந்தோம். புரபசர் தீர்மானத்தைப் படித்தார். படித்து முடிக்கவும் இவர் எழுந்தார்.

இன்றைக்கு இந்த மனுஷனுக்கு என்ன ஆதாயம்?

"எனக்கு இதுல ஆதாயம் கீது" என்றார். "என் கடையில தெனம் இத்த வெச்சுதான் பழைய மனு எல்லாம் மாத்திக் குடுக்கறேன். இது சும்மா கெடைக்கற வரிக்கும் எனக்கு லாபம். வெலைக்குப் போச்சுன்னா நஷ்டம். அதனால நான் இதுல பேசக் கூடாது."

ஆரோக்கியம் எழுந்தே விட்டார். "அண்ணாத்த, பைத்தியம் புடிச்சுகிச்சா உனக்கு? ஆறு வருசம் உழைச்சது நீ. இன்னிக்கி ஒரு நாளு உக்காரு. உன் கையப் புடிச்சுக் கேக்கறேன்."

"விதிய எழுதினவனே மீறினா அப்புறம் அது இன்னாத்துக்கு?"

"எழவு விதி!"

கதவருகே போனவர் உடனே வெளியே போகவில்லை. திரும்பி நின்று எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சந்தேகப் பார்வை இல்லை. கூட வருகிறவர்கள் செருப்பு மாட்டுவதற்காகக் காத்திருக்கிற பார்வை அது. ஒரு நிமிஷம் இருக்கும். நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேதியை இரண்டாம் முறை எழுதினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் கதவைச் சாத்தினார்.

பேசினோம் என்று பெயர். ஆரோக்கியம் மட்டும் கத்தினார். புரபசர், டுடோரியல்காரர், இன்னும் இரண்டு பேர், நான் - ஐந்து கை தீர்மானத்துக்கு ஆதரவாக. ஆரோக்கியமும் அவரோடு இரண்டு பேரும் எதிராக. ஐந்துக்கு மூன்று. என் கையை நானே தூக்கினேன், யாரும் பிடித்துத் தூக்கவில்லை. 'ஆதாயம் தெரிவித்தவர்' என்ற வரியில் அவர் பெயரை மட்டும் எழுதினேன்.

அவரைக் கூப்பிட்டோம். முடிவை நான்தான் படித்தேன், குரல் நடுங்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக வருகிறது. கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். "எப்ப குடுக்கணும்?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே ஒரு மஞ்சப்பையில் எல்லாவற்றையும் கொண்டு வந்துவிட்டார். நோட்டுகள், ஃப்ளாப்பிகள், சிடிகள். கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். ஆரோக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு காப்பியாச்சும் வெச்சுகினியா? சும்மா சொல்லு, நான் யாராண்டையும் சொல்ல மாட்டேன்."

"நகல் வெச்சிருக்கக் கூடாதுன்னு தீர்மானத்துல கீதே."

"அவனுக்கு எப்படித் தெரியும் அண்ணாத்த?"

"எனக்குத் தெரியுமே."

ஆரோக்கியம் அன்றோடு கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் ஒவ்வொருவராக நின்றார்கள். கூட்டிப் பேச ஒன்றும் இல்லாமல் குழு தானாகவே கலைந்தது. நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போனேன். எந்தக் கம்பெனி என்றும் சொன்னேன். அவர் சந்தேகமே படவில்லை. "நம்ம வேலையத் தெரிஞ்ச ஆளு உள்ள கீறது நல்லதுதாம்மா, பாத்துக்கோ" என்று ஆசீர்வாதம் வேறு பண்ணினார். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

உள்ளே போனபிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. புரபசர் மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே கம்பெனியின் ஆலோசகர் ஆகிவிட்டிருந்தார். டுடோரியல்காரருக்குப் பயிற்சி மையம் நடத்துகிற உரிமை. என்னையும் சேர்த்து மூன்று பேர். ஆபீஸில் ஒருத்தர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வேலையை விடவில்லை. அப்பா ரிடையர் ஆகி நாங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். மாசம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டும்.

கம்பெனி அதை விற்றுப் பார்த்தது. இரண்டு வருஷம் போல ஓட்டினார்கள், யார் வாங்கினார்கள்? பெரிய எழுத்துருக்களுக்கு வேறு வழிகள் வந்துவிட்டன. சின்ன எழுத்துருக்களுக்குக் காசு கொடுக்கிறவர்கள் கிடையாது, அவை தேவைப்பட்டவர்கள் எல்லோரும் ஏழைகள். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடினார்கள். இணையதளம் போயிற்று. பழைய சர்வரைத் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மஞ்சப்பை எங்கே என்று ஸ்டோரில் தேடினேன். ஆபீஸ் மாறினபோது குப்பையோடு போயிருக்கும் என்றார்கள். யாரிடம் சண்டை போடுவது? நகல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நாங்கள்.

வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

கடையில் தனியாக இருந்தார். மத்தியான நேரம், கோர்ட் லீவு. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எதிரே ஒரு பழைய மனுவின் அச்சு, பூச்சி அரித்தது. அதைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஃப்ளாப்பி இருக்கிறது, ஆனால் பட்டியல் இல்லாமல் அதைப் படிக்க முடியவில்லையே, அதனால் இப்படி என்றார். எழுத்து தெரியாத இடங்களை வெறுமனே விட்டு வைத்திருந்தார்.

எல்லாம் போய்விட்டதைச் சொன்னேன். சர்வர், நோட்டு, பை, எதுவும் இல்லை என்று. அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அடித்த வரைக்கும் சேமித்துவிட்டு, மனுவை ஓரமாக எடுத்து வைத்தார்.

"போவுதும்மா" என்றார். "மனசு கஷ்டமாத்தான் கீது. ஆனா ஒண்ணு. எல்லாரும் உக்காந்து, மொறையா கை தூக்கி எடுத்த முடிவு. யாரும் யாரையும் ஏமாத்தல. எங்க நைனாவுக்கு நடந்த மாதிரி நடக்கல. தோத்தோம், அவ்வளவுதான். அத்த நெனச்சுதான் நான் தூங்கறேன்."

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தெரிந்தேதான் சொன்னேனா, தாங்க முடியாமல் சொன்னேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவர் நிம்மதியாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணா, எனக்கு அதுல ஆதாயம் இருந்துச்சு. மாமல்லபுரத்துலயே வேலை தரேன்னு சொல்லிட்டாங்க. நான் சொல்லாம கை தூக்கினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, திட்டப் போகிறார், திட்டட்டும் என்று இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ மட்டுமா?"

"இல்லண்ணா. புரபசரும். டுடோரியல்காரரும்."

"மூணு பேரு" என்றார். வலது கையில் ஐந்து விரலையும் நீட்டி, அதில் மூன்றை ஒவ்வொன்றாக மடக்கி, மிச்சம் நின்ற இரண்டையும் பார்த்தார். எதிராகக் கை தூக்கிய மூன்று பேருக்கு இடது கையில் மூன்று விரலை நீட்டினார். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நாம ஜெயிச்சுகீறோம்மா."

குரலில் கோபம் இல்லை. யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டுமே என்பதுபோல வாசலைப் பார்த்தார். குழு இல்லை. தலைவர் இல்லை. தீர்மானத்தைத் திருப்பி எடுப்பதற்கு ஒரு கூட்டம் இல்லை, எடுத்தாலும் திரும்பி வருவதற்குப் பொருள் இல்லை. "அண்ணா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

சட்டைப் பையில் காகிதத்தை மடித்து வைத்திருந்த ஒருத்தர் படி ஏறி வந்தார். ஏதோ முதியோர் பென்ஷன் மனுவாம், அவசரமாம். இவர் காகிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீபோர்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. வந்தவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, கரண்ட் இல்லியா?"

"கீதுப்பா, கீது" என்றார். கை அசையவே இல்லை.